அக்காவுக்காக உனக்கு வாழ்த்துகள்

தெர்ஸ்கெல்லிங் தீவு
மார்ச் 4

அன்புள்ள அலைடா அக்காவுக்கு,

நின்கே எழுதுகிறேன். நான் சுகம். காற்றுதான் ஒரு வாரமாக ஓயவில்லை. உனக்கும் ஃபோல்கெர்ட் அத்தானுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது?

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைக்க எனக்கு வராது. டாக்டர் எல்லாச் சோதனைகளையும் முடித்துவிட்டார். எனக்கு ஆட்டிசம் இருக்கிறதாம். பிறந்ததிலிருந்தே இருந்திருக்கிறது, ஐம்பத்தாறு வயதில்தான் பெயர் தெரிந்திருக்கிறது.

"இது நோய் இல்லைங்க. உங்க மூளை வேலை செய்யற விதமே இதுதான்" என்றார். நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். எனக்காக அழவில்லை. பள்ளிக்கூடத்தில் மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கடியில் நுழைந்துகொள்ளுமே அந்தச் சின்ன நின்கே, அதை எல்லோரும் அவ்வளவு திட்டியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. அதற்காக அழுதேன்.

ஃபெம்மாவிடம் சொன்னேன். வேலை கொடுத்த விடுதிக்காரி எப்படி எடுத்துக்கொள்வாளோ என்று பயம்தான். "அட, இவ்வளவுதானா? மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்ததப் பாத்து நீ வேலைய விட்டுப் போறியோன்னு பதறிட்டேன். போர்வையெல்லாம் காஞ்சிருச்சு பாரு, போய் மடி" என்றாள். போய் மடித்தேன். சலவை அறையில் துணிகள் சூடாக இருந்தன. அன்றைக்கு அது மிகவும் ஆறுதலாக இருந்தது.

நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. தொலைபேசியில் கூப்பிடாதே.

உன் தங்கை,
நின்கே


லேவார்டன்
மார்ச் 12

என் அருமை நின்கே,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன், பிறகு அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். அவர் நலம். நானும் நலம்தான், வயிறு மட்டும் அடிக்கடி மக்கர் செய்கிறது. வயசு.

நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டாய். வாத்தியாரம்மாவிடம் கேட்டால் உதாரணம்தான் வரும், பொறுத்துக்கொள்.

பிள்ளைகளின் நீச்சல் பரீட்சை நினைவிருக்கிறதா? சட்டை, கால்சட்டை, ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு தண்ணீரில் குதிக்க வேண்டும். கால்வாயில் தவறி விழுகிற பிள்ளை நீச்சல் உடையோடா விழும்? ஒரு வருடம் என் வகுப்புப் பெண் ஒருத்தி தாமதமாக வந்தாள். மற்றவர்கள் அந்தக் கட்டத்தை முடித்துவிட்டு நீச்சல் உடைக்கு மாறியிருந்தார்கள். இவள் கோட்டும் ஷூவுமாக அவர்களோடு சேர்ந்து நீந்தினாள். கடைசியாக வந்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். கரையேறியபோது அவள் கோட்டுக் கைகளிலிருந்து தண்ணீர் கொட்டியதைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

நீ இத்தனை வருடமாகக் கோட்டும் ஷூவுமாக நீந்தியிருக்கிறாய் நின்கே. ஏன் இவள் இப்படிக் களைத்துப்போகிறாள் என்று நாங்கள் கரையில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். இனிமேல் ஒவ்வொன்றாகக் கழற்று. முதலில் ஷூவைக் கழற்று.

"அவளுக்கு ஆட்டிசம்னா, நம்ம சொந்தக்காரங்க பாதிப் பேருக்கு என்ன பேரு வெக்கறதாம்?" என்று அத்தான் கேட்கிறார். உன்னைச் சிரிக்க வைக்கத்தான் எழுதுகிறேன்.

அன்புடன்,
அலைடா


தெர்ஸ்கெல்லிங்
ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாம் நலம். உன் வயிறு சரியாயிற்றா?

ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். சலவை இயந்திரம் ஓடும்போது காதுக்கு மூடி போட்டுக்கொள்கிறேன். யாரும் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, விளக்கை ஒரு தடவை அணைத்துப் போட்டால் போதும் என்று ஃபெம்மாவிடம் சொன்னேன். "கூப்டா வரமாட்ட, வெளக்க அணைச்சா வருவ. நீ என்ன விட்டில்பூச்சியா?" என்றாள். ஆனால் மறுநாளே சலவை அறைக் கதவில் அட்டை எழுதி ஒட்டிவிட்டாள். மதியச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிடுகிறேன். ரொட்டியும் வெண்ணெயும் இத்தனை ருசி என்று எனக்கு இதுவரை தெரியாது. பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டே இருந்ததில் நாக்குக்கு வேலையே இல்லாமல் போயிருக்கிறது.

அடுத்த விஷயம் கஷ்டமானது. ஜூன் பதினொன்று உன் எழுபதாவது பிறந்தநாள். நான் வரவில்லை அக்கா.

முன்பெல்லாம் காய்ச்சல் என்பேன், கப்பல் ஓடவில்லை என்பேன். பாதி பொய். இந்தத் தடவை காய்ச்சல் இல்லை, கப்பலும் ஓடும். உன் பிறந்தநாளுக்குப் போடுகிற அந்த நாற்காலி வட்டத்தில் என்னால் உட்கார முடியாது. வட்டம் முழுக்கக் கைகுலுக்கிக்கொண்டே போய், பாலாடைக்கட்டித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் நாலு பேச்சு. சமையலறைக் கதவோரத்து நாற்காலியை நீ ஒவ்வொரு வருடமும் எனக்கென்று பிடித்து வைப்பாய். அது இருந்ததால்தான் இத்தனை வருடம் வந்தேன். ஆனாலும் திரும்பி வந்து மூன்று நாள் படுத்துக் கிடப்பேன். அதை உன்னிடம் சொன்னதில்லை.

இன்னொன்றும் எனக்குப் புரிந்ததே இல்லை. பிறந்தநாள் உனக்கு. எல்லோரும் எனக்கும் கை கொடுத்து, 'அக்காவுக்காக உனக்கு வாழ்த்துகள்' என்கிறார்களே, நான் என்ன செய்தேன்?

உனக்கு வருத்தமாக இருந்தால் வருத்தம் என்றே எழுது. எழுதாததை எனக்கு வாசிக்கத் தெரியாது.

உன் தங்கை,
நின்கே


லேவார்டன்
மே 27

என் அருமை நின்கே,

பதில் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள். அத்தானின் இடது முழங்காலுக்காக ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் நாட்கள் போனது தெரியவில்லை. மற்றபடி சுகம்.

நீ வர வேண்டாம். இதைச் சந்தோஷமாகவே எழுதுகிறேன். பொய் சொல்லாமல் 'வரவில்லை' என்று எழுதினாயே, எழுபது வயதுக்கு இதைவிட நல்ல பரிசு எனக்கு யாரும் தரப்போவதில்லை. அத்தான் இந்தக் கடிதத்தில் தானும் ஏதோ எழுத வேண்டும் என்கிறார். நான் விடவில்லை. முழங்காலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிடுவார்.

நீ என்ன செய்தாய் என்று கேட்டாய். நீ பிறந்தபோது எனக்குப் பதினாலு வயது. பிள்ளை பிறந்த வீட்டு வழக்கப்படி அம்மா உலர்ந்த ரொட்டியில் வெண்ணெய் தடவி, சோம்பு மிட்டாய் தூவி, பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தனுப்பினார். அன்றைக்கு எல்லோரும் எனக்குக் கை கொடுத்தார்கள். தலைமையாசிரியர் எழுந்து நின்று கொடுத்தார். நான் என்ன செய்துவிட்டேன்? ஒன்றும் செய்யவில்லை. எனக்கு நீ கிடைத்திருந்தாய். வாழ்த்து அதற்குத்தான்.

கடலோரம் அதிகம் நிற்காதே, காற்று ஆகாது.

என்றும் உன்,
அலைடா


தெர்ஸ்கெல்லிங்
ஜூன் 13

அன்புள்ள அக்காவுக்கு,

எழுபது வயதுக்கு வாழ்த்துகள். நான் நலம். அத்தானின் இடது முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி இறங்கும்போது வலது காலை முதலில் வைக்கக் கூடாது என்று சொல்.

உன் பிறந்தநாளை நான் கொண்டாடினேன். பேக்கரியில் ஒரு துண்டு க்ரீம் கேக் வாங்கிக்கொண்டு அணைமேட்டுக்குப் போனேன். கடல் உள்வாங்கியிருந்தது. சேற்றில் பறவைகள் மட்டும். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேக்கை முழுவதும் சாப்பிட்டேன், உன்னை நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். வட்டத்தில் உட்கார்ந்திருந்த எந்த வருடத்திலும் உன்னை நினைக்க எனக்கு நேரம் கிடைத்ததில்லை. எப்போது எழுந்து போகலாம் என்று மட்டுமே நினைத்திருக்கிறேன்.

திரும்பி வந்தால் சலவை அறை விளக்கு அணைந்து எரிந்தது. ஃபெம்மா. "அக்காவுக்காக உனக்கு வாழ்த்துகள்டீ" என்று கையை நீட்டினாள். கொடுத்தேன். எதற்கென்று தெரிந்து கொடுத்தது இதுதான் முதல் தடவை.

மறுநாள் நான் படுத்துக் கிடக்கவில்லை. வேலைக்குப் போனேன்.

உன் வட்டம் எப்படி நடந்தது என்று எழுது.

உன் தங்கை,
நின்கே


லேவார்டன்
ஜூலை 19

அன்பு நின்கே,

நலம். உன் கடிதம் மகிழ்ச்சி தந்தது, அதைத் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறேன்.

வட்டம் நல்லபடியாக நடந்தது. எல்லோரும் வந்தார்கள். சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். சமையலறைக் கதவோரத்து நாற்காலியில் அத்தானின் தங்கை உட்காரப் போனாள். வேண்டாம் என்றேன். அது காலியாகவே இருந்தது.

அத்தானுக்கு வலது முழங்கால் பரவாயில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டு.

அலைடா


தெர்ஸ்கெல்லிங்
ஜூலை 23

அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமில்லை.

எழுதாததை எனக்கு வாசிக்கத் தெரியாது என்று எழுதியிருந்தேன். எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியும். மே மாதம் அத்தானுக்கு இடது முழங்கால், ஜூலையில் வலது. எழுபதாவது பிறந்தநாளுக்கு வந்தவர்கள் சீக்கிரம் கிளம்பினார்கள் என்கிறாய். உன் வீட்டு வட்டம் சூப் குடிக்காமல் கலைந்ததே இல்லை. தலைமாடு என்று எழுதியிருக்கிறாய். நீ கடிதங்களைச் சமையலறை ஜன்னலில்தான் வைப்பாய். எல்லாவற்றுக்கும் மேலாக, உன் கடிதத்தில் உதாரணமே இல்லை. உதாரணம் இல்லாமல் நீ எனக்கு எழுதியதே கிடையாது.

உனக்கு என்ன நோய்? எப்போது தெரியும்?

நான் 'வரவில்லை' என்று எழுதியது என் வாழ்க்கையில் நானே எடுத்த முடிவு என்று நினைத்திருந்தேன். பாதியை மறைத்துவிட்டு என்னை முடிவெடுக்கச் சொன்னால் அது எப்படி என் முடிவாகும்? மற்றவர்கள் என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரி பிடித்தபோதெல்லாம் நீ ஒருத்திதான் அப்படிப் பிடிக்காதவள். இப்போது நீயும் பிடிக்கிறாய்.

எனக்கு நடுக்கமாக இருக்கிறது. ஆனால் நடுங்கிக்கொண்டே தெரிந்துகொள்ள என்னால் முடியும். எழுது.

நின்கே


லேவார்டன்
ஜூலை 27

அன்புள்ள நின்கே,

ஃபோல்கெர்ட் அத்தான் எழுதுவது. என் முழங்கால்கள் இரண்டும் நன்றாக இருக்கின்றன.

அலைடாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். மே மாதத் தொடக்கத்தில் தெரிந்தது. அதற்குள் பரவியிருந்தது. வைத்தியம் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். இந்தக் கோடையைத் தாண்டுவது சந்தேகம் என்கிறார்கள். முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறோம்.

உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். "பிறந்தநாளுக்கு முன்னாடியாவது சொல்லு அலைடா. அப்புறம் நம்மள மன்னிக்கவே மாட்டா" என்றேன். அவள் கேட்கவில்லை. "அவ வாழ்க்கையில மொத மொறையா பொய் சொல்லாம வரலைன்னு எழுதியிருக்கா. நான் சாகப்போறேன்னு எழுதினா அடுத்த கப்பல்ல வந்து நிப்பா. கதவோரம் உக்காந்து பல்லக் கடிச்சுக்கிட்டு எல்லாருக்கும் கை கொடுப்பா. அவ கையிலேர்ந்து அதப் புடுங்கிட்டு நான் என்ன கேக் வெட்டறது?" என்றாள். இப்போது உன் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு, "பதிமூணு வயசுலேயும் இப்படித்தான், நான் திருத்தின விடைத்தாள்ல தப்பு கண்டுபுடிப்பா" என்று சிரித்தாள்.

கீழே அவளே எழுதுகிறாள்.

நின்கே, நீ சொன்னது சரி. உதாரணம் இல்லை என்றாய். ஷூவைக் கழற்று என்று சொன்னவளே நான்தான். கழற்றி மூச்சு விடுவதற்குள் திரும்பப் போட்டுக்கொண்டு ஓடி வா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்போது சொல்கிறேன். வா. ஷூ இல்லாமல் வா.


தெர்ஸ்கெல்லிங்
ஜூலை 31

அக்கா,

வெள்ளிக்கிழமைக் கப்பலில் வருகிறேன். ஷூ இல்லாமல்தான். காதுமூடி எடுத்து வருகிறேன். வீட்டில் யாரும் வாசனைத் திரவியம் போடக் கூடாது. பார்க்க வருகிறவர்கள் வந்தால் நான் சமையலறையில் இருப்பேன். உன் போர்வைகளை நான்தான் துவைப்பேன், வேறு யாரும் தொட வேண்டாம். எனக்குக் கோபம் இருக்கிறது. மடித்துக்கொண்டே கோபமாக இருப்பேன், நீ சமாதானம் சொல்ல வேண்டாம்.

"எத்தன நாளு?" என்று ஃபெம்மா கேட்டாள். தெரியாது என்றேன். "தெரியாதுங்கற வார்த்த ஒன் வாயிலேர்ந்து வருதா? போ. துணியெல்லாம் அழுக்காவே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் முகத்தைப் பார்க்க விடவில்லை.

நின்கே


தெர்ஸ்கெல்லிங்
அக்டோபர் 2

அன்புள்ள அத்தானுக்கு,

போன மாதமே நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். நீங்கள் சரியாகச் சாப்பிடுகிறீர்களா? பட்டாணி சூப் ஃப்ரீஸரில் கீழ்த்தட்டில் இருக்கிறது.

இந்த ஒரு மாதமாக எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. இன்றைக்கு ஓடுகிறது. நீங்கள் கடைக்குப் போயிருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன், அது உங்களுக்கும் சேர வேண்டும்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை ஜன்னல் பார்க்கப் போட்டு உட்கார்ந்திருந்தேன். "ஏண்டி, எதிர்ல உக்காரேன், ஒன் மூஞ்சியப் பாக்கலாம்" என்றாள். "எதிர்ல உக்காந்தா ஒன் மூஞ்சியப் பாக்கறதே எனக்குப் பெரிய வேலையாயிடும். நீ பேசறது காதுல ஏறாது" என்றேன். சிரித்தாள். சிரித்தால் வலிக்கும், ஆனாலும் சிரித்தாள். "சரி, ரெண்டு பேரும் ஜன்னலையே பாப்போம்" என்றாள். பார்த்துக்கொண்டே இருந்தோம். எதிர் வீட்டுக்காரர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "கோவம் தீந்துச்சா?" என்று கேட்டாள். "இல்ல. இன்னும் போர்வை பாக்கி இருக்கு" என்றேன். "மெதுவாவே மடி" என்றாள்.

மெதுவாகவே மடித்தேன் அத்தான். இருந்தும் முடிந்துபோனது.

கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அந்த ஜூன் மாதம் எனக்குத் திரும்பக் கிடைக்காது. அணைமேட்டில் கேக் சாப்பிட்டது சந்தோஷமான நாள்தான், அதையும் என்னால் பொய்யாக்க முடியவில்லை. இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.

அடக்கத்தன்று, துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் கை கொடுக்கும் வரிசையில் நான் நிற்கவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. உங்களுக்குச் சங்கடமாக இருந்ததா என்று மட்டும் சொல்லுங்கள்.

நின்கே


லேவார்டன்
மே 24

அன்புள்ள நின்கே,

உன் அக்டோபர் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். எழுதுவது எப்போதும் அலைடா, நான் தபால்தலை ஒட்டுகிறவன். உடம்புக்கு ஒன்றுமில்லை. சூப் தீர்ந்து பல மாதம் ஆகிறது.

சங்கடம் எதுவும் இல்லை. என் தங்கை அன்றைக்கே கேட்டாள், "சொந்த அக்கா சாவுக்கு வரிசையில நிக்காம சமையக்கட்டுல போய் நின்னா என்னண்ணே அர்த்தம்?" என்று. "அது அலைடா அவளுக்குன்னு போட்டு வெச்ச எடம்" என்றேன்.

ஜூன் பதினொன்று வருகிறது. எல்லா வீட்டையும் போல நம் வீட்டுக் கழிவறைச் சுவரிலும் பிறந்தநாள் காலண்டர் தொங்குகிறதே, அதில் அவள் பெயரை அவளே எழுதி வைத்திருக்கிறாள். பக்கத்தைத் திருப்பினால் தெரியும். பெயரை அடிக்க வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா? போன வருடம் வரைக்கும் தெருவே வந்து, 'மனைவிக்காக உங்களுக்கு வாழ்த்துகள்' என்று கை கொடுத்தது. இந்த வருடம் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். அன்றைக்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஃபோல்கெர்ட்


தெர்ஸ்கெல்லிங்
ஜூன் 3

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். ஃபெம்மாவும் சுகம். புதன்கிழமைகளில் இப்போது சலவை அறைக்கு ஊர்ப்பெண்கள் சிலர் வருகிறார்கள். பேசாமல் மடித்துவிட்டுப் போகிறார்கள். அவர்களில் ஒருத்தி மருந்துக்கடைக்காரி. தனக்கும் என்னைப் போலத்தான் இருக்குமோ என்று போன வாரம் கேட்டாள். நீச்சல் பரீட்சையைப் பற்றிச் சொன்னேன். ஷூவைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

பெயரை அடிக்காதீர்கள். ஒன்றும் செய்யாதவர்களுக்கு எதற்கு வாழ்த்து என்று நான் கேட்டதற்கு, கிடைத்ததற்குத்தான் வாழ்த்து என்று அக்கா எழுதினாள். கிடைத்தது கிடைத்ததுதானே அத்தான். இதில் எனக்குக் குழப்பம் எதுவும் இல்லை.

பதினொன்றாம் தேதி காலைக் கப்பலில் வருகிறேன். நீங்கள் வேறு யாரையும் கூப்பிட வேண்டாம். க்ரீம் கேக் நான் வாங்கி வருகிறேன். முன்னறையில் இரண்டு நாற்காலி போதும், இரண்டும் ஜன்னலைப் பார்க்கட்டும். கதவோரத்து நாற்காலி அதன் இடத்திலேயே இருக்கட்டும்.

கதவைத் திறந்ததும் நீங்கள் கையை நீட்டுங்கள். கை கொடுப்பது எனக்குப் பிடிக்காது, அன்றைக்குக் கொடுப்பேன். 'அக்காவுக்காக உனக்கு வாழ்த்துகள்' என்று நீங்கள் சொல்ல வேண்டும். 'மனைவிக்காக உங்களுக்கு வாழ்த்துகள்' என்று நான் சொல்வேன். அதைச் சொல்லி முடிக்கும்வரை யாரும் அழ வேண்டாம். அதற்குப் பிறகு அழுதுகொள்ளலாம், எனக்கு அவசரம் இல்லை.

அலைடாவின் தங்கை,
நின்கே